ஓட்டத்துக்கு முகூர்த்தம் குறித்த கதை

கல்யாண வீட்டில் எல்லாக் காரியமும் பின்னாலிருந்து முன்னால்தான் கணக்காகும். முதலில் முகூர்த்த நாள். அதிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ஜவுளி எடுப்பது, பத்திரிகை அச்சடிப்பது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி விழும். சமையற்காரரிடம் கேட்டால் இன்னொரு நுணுக்கமும் சொல்வார். முறுக்கையும் அதிரசத்தையும் பத்து நாள் முந்தியே செய்து தகர டின்னில் அடைத்து வைக்கலாம், கெடாது. ரசத்தை அப்படி வைக்க முடியுமா? அது அன்று காலையில்தான். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தவர் வீட்டுக் கல்யாணம் ஊர் சிரிக்கிற கல்யாணமாகிவிடும்.

ஓட்டப்பந்தய வரலாற்றில் இந்தக் கல்யாணக் கணக்கைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ அறுபது வருஷம் ஆயிற்று என்றால் ஆச்சரியமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர்களுள் முக்கியமானவர் ஒரு பேராசிரியரோ மருத்துவரோ அல்ல. நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு மனிதர். அவரைப் பற்றியும், அவர் விடை கண்ட கேள்வியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி இதுதான். 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டையும் நடுத்தொலைவு ஓட்டங்கள் என்கிறோம். 100 மீட்டர் ஓடுபவரின் வேகமும் வேண்டும், நெடுந்தொலைவு ஓடுபவரின் மூச்சும் வேண்டும் என்பதால் மிகக் கடினமான ஓட்டங்கள் இவைதாம் என்று பலரும் சொல்வார்கள். இவற்றை ஓடும் ஒருவர் வருஷம் முழுவதும் உச்ச நிலையில் இருக்க முடியாது. உடம்பு உச்சத்தில் இருப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்கள் சரியாக ஒலிம்பிக் நடக்கும் வாரத்தில் வந்து விழ வேண்டும். ஒரு மாதம் முந்தினால் உலக சாதனை கிடைக்கலாம், பதக்கம் கிடைக்காது. ஒரு மாதம் பிந்தினால் இரண்டும் இல்லை. அதை நாள் பார்த்து வரவழைப்பது எப்படி?

முதலில் பழைய கதையைப் பார்த்துவிடுவோம். 1930-களில் ஜெர்மனியில் வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் இருந்தார். சிறு சிறு தூரங்களை வேகமாக ஓடவைத்து, நடுவில் சிறிது ஓய்வு கொடுத்து, மறுபடி ஓடவைக்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். இதைத்தான் இண்டர்வெல் பயிற்சி என்கிறார்கள். அவருடைய சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939 ஜூலையில் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்தச் சாதனை பதினாறு வருஷம் அசையவில்லை. ஹார்பிக் போர்முனையில் 1944-இல் மாண்டுபோனார். ஆனால் அவர் பயின்ற முறை உலகமெங்கும் பரவிற்று. ஸ்டாப் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு பயிற்சியாளர்கள் பிள்ளைகளை 400 மீட்டர் சுற்றில் இருபது தடவை, முப்பது தடவை என்று விரட்டலானார்கள். பலன் சீக்கிரம் தெரியும். ஐந்தாறு வாரத்தில் நேரம் மளமளவென்று குறையும். குறைந்தபின் என்ன ஆகிறது என்பதைத்தான் பலரும் கவனிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடியவர் என்று நம் பிள்ளைகள் பொது அறிவுப் புத்தகத்தில் படிக்கிறார்களே, அவரேதான். அந்த ஓட்டம் 1954 மே 6-ஆம் தேதி. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருக்கு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்போது அவர் மருத்துவ மாணவர். பயிற்சிக்கு நேரம் குறைவு. அதனால் அதிகம் போட்டிகளில் ஓடாமல், உடம்பைப் புதிதாக வைத்திருந்து, ஒரு முதல் சுற்று, ஓர் இறுதிச் சுற்று என்ற கணக்கில் 1500 மீட்டருக்குத் தயாரானார். போட்டி நெருங்கும்போது அரையிறுதி ஒன்று கூடுதலாக உண்டு என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். மூன்று நாளில் மூன்று ஓட்டம். இறுதிச் சுற்றில் பேனிஸ்டர் நான்காவதாக வந்தார். லக்சம்பர்க் என்ற குட்டி நாட்டின் ஜோசி பார்தெல் தங்கம் வாங்கினார். பேனிஸ்டர் நாளைச் சரியாகத்தான் குறித்திருந்தார் என்பது என் எண்ணம். கையிருப்பு போதவில்லை.

சரி, இப்போது நம் காலணித் தொழிற்சாலைக்காரரிடம் வருவோம். ஆர்தர் லிடியார்ட் 1917-இல் ஆக்லாந்தில் பிறந்தவர். இளமையில் ரக்பி ஆடியவர். தான் திடமான ஆள் என்ற நினைப்பு. ஒருநாள் நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடப்போய் மூச்சு முட்டி, நெஞ்சு எரிந்து, திணறிப்போனார். இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் இப்படி என்றால் நாற்பத்தேழில் என்ன கதி என்று தனக்குள் கேட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்து தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார். வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடலாம், எவ்வளவு வேகமாக, எவ்வளவு மெதுவாக என்று வருஷக்கணக்கில் தானே ஓடிப் பார்த்தார். சில வாரங்களில் 200 மைலுக்கும் மேல் ஓடினார். அது அதிகம் என்று தெரிந்தது. 50 மைல் போதவில்லை என்றும் தெரிந்தது. நல்ல வேகத்தில் 100 மைல் என்ற இடத்தில் வந்து நின்றார். நடுவில் குடும்பம், பிள்ளைகள், தொழிற்சாலை வேலை, அதுபோக இரவில் வீடுவீடாகப் பால் போடும் வேலை வேறு! 1953-லும் 1955-லும் நியூசிலாந்தின் மாரத்தான் சாம்பியன் ஆனார்.

அக்கம்பக்கத்துப் பையன்கள் அவரோடு ஓட வந்தார்கள். அதில் ஒருவர் மர்ரி ஹால்பெர்க். ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை சூம்பிப்போனவர். இன்னொருவர் பாரி மகீ. பிற்பாடு வந்து சேர்ந்தவர் பீட்டர் ஸ்னெல், 1938-இல் பிறந்தவர், டென்னிஸும் ஆடிக்கொண்டிருந்த கட்டுமஸ்தான பையன். 800 மீட்டர் ஓட வந்த அந்தப் பையனை லிடியார்ட் ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள மலைச்சாலையில் 22 மைல் ஓடவைத்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு எதற்கய்யா இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும்?

1960 செப்டம்பர் 2-ஆம் தேதி ரோமில் விடை கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்கு நான்கு சுற்றுகள். மூன்று நாளில் நான்கு தடவை ஓட வேண்டும். உலக சாதனை பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் கையில் இருந்தது. ஸ்னெல் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. சுற்று ஏற ஏற மற்றவர்கள் களைத்தார்கள். இந்தப் பையன் களைக்கவில்லை. கடைசிச் சில அடிகளில் மோன்ஸைத் தாண்டி 1 நிமிடம் 46.3 வினாடியில் தங்கம். மைதானத்தில் அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், ஹால்பெர்க் 5000 மீட்டரில் மூன்று சுற்று மீதி இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு கிளம்பி இன்னொரு தங்கம். எட்டு நாள் கழித்து மாரத்தானில், பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றாரே அந்த ஓட்டத்தில், மகீக்கு வெண்கலம். மூன்று பேரும் ஒரே பயிற்சியாளரிடம் ஓடியவர்கள்.

அப்படி அவர் என்னதான் செய்தார்? முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார். கடைசிப் பத்து நாள் உடம்பைத் தேற்றும் நாட்கள்; ஓட்டம் குறையும், ஆனால் கால் வேகத்தை மறக்காதபடி கொஞ்சம் வேகம் இருக்கும். அதற்கு முந்தைய சில வாரங்கள் சிறு பந்தயங்களும் நேரம் பார்க்கும் ஓட்டங்களும். அதற்கும் முந்தி ஒரு நான்கு வாரம் மூச்சுத்திணறும் சுற்றுகள், அதாவது பழைய இண்டர்வெல்தான். அதற்கு முந்தி நான்கு வாரம் மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி. எல்லாவற்றுக்கும் அடியில், பத்து வாரத்துக்குக் குறையாமல், வாரம் 100 மைல் நெடுஞ்சாலை ஓட்டம். அவருடைய புத்தகங்களில் பதிப்புக்குப் பதிப்பு வார எண்ணிக்கை சற்று மாறும், வரிசை மாறாது. மொத்தம் ஏறத்தாழ 24 வாரம். டோக்கியோ ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிச் சுற்று 1964 அக்டோபர் 16. இந்தக் கணக்கில் பின்னோக்கிப் போனால் மே மாதத் தொடக்கத்தில் வந்து நிற்போம்.

இந்த வரிசைக்கு இன்று உடலியல் காரணம் சொல்ல முடிகிறது. நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் இறைக்கும் ரத்தம் கூடுகிறது, தசைகளில் நுண் ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, உயிரணுவுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் பகுதிகள் அதிகமாகின்றன. இவை மெதுவாக வருபவை, மெதுவாகத்தான் போகும். நம் முறுக்கு டின். ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையில் தசை தாக்குப்பிடிக்கும் திறன் நாலைந்து வாரத்தில் வந்துவிடும். வந்தபின் அதே பயிற்சியைத் தொடர்ந்தால் தூக்கம் கெடும், சளி பிடிக்கும், கால் கனக்கும், நேரம் பின்னோக்கிப் போகும். இது ரசம், அன்றைக்கு வைத்து அன்றைக்கே பரிமாற வேண்டியது. இண்டர்வெல்காரர்கள் வருஷம் முழுக்க ரசம் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

800 மீட்டரில் செலவாகும் சக்தியில் பெரும்பகுதி ஆக்சிஜன் இல்லாமல் வருவது என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. இன்றைய அளவீடுகளின்படி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. 1500 மீட்டரில் இன்னும் அதிகம். 22 மைல் ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. கடைசி நாட்களின் ஓய்வைப் பற்றியும் ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான கட்டுரை ஒன்று, வேகத்தைக் குறைக்காமல் பயிற்சியின் அளவை மட்டும் ஏறத்தாழ பாதியாக்கி இரண்டு வாரம் இருந்தால் பலன் அதிகம் என்று கண்டது. கிடைக்கும் முன்னேற்றம் சராசரியாக 2 சதவீதம் போல. இரண்டு சதவீதம் என்ன பிரமாதம் என்று தோன்றும். 800 மீட்டரில் அது இரண்டு வினாடி, அதாவது பதினைந்து மீட்டர். ரோமில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது வெறும் 0.2 வினாடி!

ஸ்னெல் 1961 டிசம்பரில் ஒரு முழு மாரத்தான் ஓடினார். சுமார் 2 மணி 41 நிமிடம். கடைசி மைல்களில் நொந்து நூலாகிப்போனார். அப்புறம் வேகப் பயிற்சிக்கு மாறினார். 1962 ஜனவரி 27-இல் வாங்கனூயி என்ற சிற்றூரில் புல்தரையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 வினாடியில் ஓடி உலக சாதனை. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 3-ஆம் தேதி, கிறைஸ்ட்சர்ச்சில், அதுவும் புல்தரைதான், 800 மீட்டரில் 1 நிமிடம் 44.3 வினாடி. இன்றைய ரப்பர் ஓடுதளம் எங்கே, புல் எங்கே! அந்த நேரம் நியூசிலாந்தின் தேசிய சாதனையாக 2024 வரை நின்றது.

டோக்கியோவுக்கு அவர் சிரமப்பட்டுத்தான் தயாரானார். வாரம் 100 மைல் என்று பத்து வாரம் விடாமல் ஓடினார். நியூசிலாந்துக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் கோடை. ஒலிம்பிக்கோ வடக்கத்தியக் கோடையை ஒட்டி வரும். உள்ளூரில் எல்லாரும் குளிரில் சுருண்டிருக்கும்போது இவர்கள் உச்சத்தை நோக்கி ஏறவேண்டும். பழகிப் பார்க்கப் பந்தயமும் கிடைக்காது. காலண்டர்க் கணக்கு அவர்களுக்குத்தான் முதலில் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அக்டோபர் 14 முதல் 21 வரை எட்டு நாளில் ஸ்னெல் ஆறு தடவை ஓடினார். 800 மீட்டரில் 1 நிமிடம் 45.1, 1500 மீட்டரில் 3 நிமிடம் 38.1. இரண்டிலும் தங்கம். ஆண்கள் பிரிவில் ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் 1920-க்குப் பிறகு வென்றவர் அவர்தான். அவருக்குப் பின் இன்றுவரை ஒருவரும் இல்லை. ஹெல்சிங்கியில் பேனிஸ்டரிடம் இல்லாத கையிருப்பு இவரிடம் இருந்தது.

இதற்கப்புறம் லிடியார்ட் முறை என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். பேசியதில் பாதி அந்த 100 மைலைப் பற்றித்தான். அதைப் பார்த்தெழுதியவர்கள் பலர். தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும் பகுதியை விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் இதே ரோமில் 1500 மீட்டரை உலக சாதனையோடு, 3 நிமிடம் 35.6 வினாடியில் வென்றவர். அவருடைய குரு பெர்சி செருட்டி கடற்கரை மணல்மேடுகளில் ஓடவைத்தவர். அட்டவணை என்றாலே அவருக்கு ஆகாது. ஆக 100 மைல் ஒன்றும் வேதவாக்கு அல்ல. உடம்பைக் கட்டுவதற்கு மணலும் உண்டு, மலையும் உண்டு. குறித்த நாளில் உச்சம் வரவேண்டும் என்பதற்கு மட்டும் மாற்று வழி இல்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முந்திய போட்டிகளில் தோற்கத் துணிய வேண்டும். செபாஸ்டியன் கோ 1983-இல் நோய்வாய்ப்பட்டு ஓடாமல் கிடந்தவர். 1984 ஜூனில் இங்கிலாந்தின் தேசிய 1500 மீட்டரில் பீட்டர் எலியட்டிடம் தோற்றார். தோற்றவரையா அனுப்புவது என்று பத்திரிகைகளில் ஒரே கூச்சல். தேர்வுக் குழு கோவைத்தான் அனுப்பியது. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் ஒன்பது நாளில் ஏழு ஓட்டம் ஓடி, 800 மீட்டரில் வெள்ளியும், 1500 மீட்டரில் 3 நிமிடம் 32.53 என்ற ஒலிம்பிக் சாதனையோடு தங்கமும் வாங்கினார். மொராக்கோவின் எல் குரூஜும் அப்படித்தான். 2004 ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரிச்சில் பெர்னார்ட் லாகத்திடம் தோற்றார். அதே மாதம் ஏதென்ஸில் அதே லாகத்தை 0.12 வினாடியில் வென்றார்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். தில்லி நேஷனல் ஸ்டேடியத்தில் பயிற்சி கொடுத்த இலியாஸ் பாபரை நம் தலைமுறை மறந்துவிட்டது. ராஜ்புதானா ரைபிள்ஸ் வீரர் ஸ்ரீராம் சிங் அவருடைய மாணவர். 1974 டெஹ்ரான், 1978 பாங்காக் என இரண்டு ஆசிய விளையாட்டுகளில் 800 மீட்டர் தங்கம் வாங்கியவர். ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை ஏழாவதாக வந்த ஓட்டம்தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக். முதல் சுற்றிலேயே 1 நிமிடம் 45.86 வினாடி ஓடினார். ஜூலை 25 இறுதிச் சுற்றில் முதல் 400 மீட்டரை முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போனார். முடித்தது 1 நிமிடம் 45.77. வாழ்நாளில் அவர் ஓடிய மிகச் சிறந்த நேரம் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் வந்தது என்றால், உச்சத்தை நாள் குறித்து வரவழைப்பது இதைவிடத் துல்லியமாக எப்படி இருக்க முடியும்? அந்த ஓட்டத்தில் கியூபாவின் ஹுவான்தொரேனா 1 நிமிடம் 43.50 என உலக சாதனை படைத்தார். அதற்கு ஸ்ரீராம் சிங் கொடுத்த வேகம்தான் காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஸ்ரீராம் சிங்கின் நேரம் 42 வருஷம் இந்திய சாதனையாக இருந்தது. 2018 ஜூன் 27-இல் குவாஹாத்தியில் ஜின்சன் ஜான்சன் 1 நிமிடம் 45.65 ஓடி அதைத் தாண்டினார். இரண்டு மாதம் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 800 மீட்டரில் தங்கம் யாருக்கு என்று சந்தேகமே இல்லை என்றார்கள். வென்றவர் மஞ்சித் சிங், 1 நிமிடம் 46.15. ஜின்சனுக்கு 1 நிமிடம் 46.35. ஜூனில் தான் ஓடிய வேகம் ஆகஸ்டில் இருந்திருந்தால் தங்கம் அவருக்குத்தான். மஞ்சித்துக்கோ அந்நாள்வரை அதுவே வாழ்நாளின் சிறந்த ஓட்டம். ஜின்சன் இரண்டு நாளில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கி ஆறுதல் அடைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஓடுகிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பள்ளிப் போட்டி, அப்புறம் மண்டலம், அப்புறம் தேசியம் என்று ஜூலையில் தொடங்கி குளிர்காலம் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் ஜெயித்தால்தான் அடுத்தது என்பதால் ஜூன் மாத வெயிலிலேயே பிள்ளையை மைதானத்தில் சுற்றவிட்டு மூச்சு வாங்க வைக்கிறோம். ஜூலையில் பள்ளியிலேயே முதலாவதாக வரும் பிள்ளை நவம்பரில் ஏன் பின்தங்குகிறது என்று கேட்டால் "கவனம் போச்சு, செல்போன்தான் காரணம்" என்கிறோம். செல்போன் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் தேசியப் போட்டியின் தேதியிலிருந்து எண்ணி, கோடை விடுமுறையை முழுக்க நிதானமான, பேசிக்கொண்டே ஓடுகிற ஓட்டத்துக்கு ஒதுக்கி, பள்ளிப் போட்டியை உள்ள பலத்திலேயே ஓடவைத்து, கடுமையான சுற்றுகளைக் கடைசி நான்கு வாரத்துக்கு மிச்சம் பிடிக்கும் பயிற்சியாளரைத் தேடிப் பாருங்கள். ஒருவேளை அந்தப் பிள்ளை ஜூலையில் இரண்டாவதாக வரும். திட்டாதீர்கள். வாரம் 100 மைல் என்பது வளர்ந்தவர்களுக்கு; பிள்ளைகளுக்கு அல்ல. சின்ன வயதில் மூச்சுத்திணறும் சுற்றுகளைத் திணிப்பதை லிடியார்ட் கடைசிவரை எதிர்த்துப் பேசினார்.

அவர் 2004 டிசம்பரில், 87-ஆம் வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த பயணத்தின் நடுவே டெக்சாஸில் காலமானார். ஸ்னெல் ஓட்டத்தை விட்டபின் அமெரிக்கா போய் உடற்பயிற்சி உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கி, டல்லாஸ் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தார். அந்த 22 மைல் மலைச்சாலை தன் தசைகளுக்குள் என்ன செய்தது என்பதுதான் ஏறத்தாழ அவருடைய ஆராய்ச்சிப் பொருள். அவர் 2019 டிசம்பரில் மறைந்தார்.